இரவல் பாத்திரங்களின் அரங்கு

2005 ஜூலை 16 அன்று ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது நாவல் வெளிவந்தது. அதன் முடிவை நெருங்கும் இடத்தில் பேராசிரியர் ஸ்னேப், பள்ளியின் தலைவர் டம்பிள்டோரைக் கொன்றுவிட்டுத் தப்பிப் போகிறார். அடுத்த நாவல் வந்தது 2007 ஜூலை 21 அன்று. இடையிலிருந்த இரண்டு ஆண்டுகளும் ஸ்னேப் துரோகியா, விசுவாசியா என்று வாசகர்கள் ஓயாமல் வாதாடினார்கள். வாதாடுபவருக்கு ஒரு வசதி உண்டு. இன்று ஒரு கட்சி பேசலாம், நாளை மாறிக்கொள்ளலாம். அதே காலத்தில் லைவ்ஜர்னல் தளத்தின் ரோல்பிளே ஆட்டங்களில் ஸ்னேப்பாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஹாரியாக எழுதும் ஒருவர் எதிரே வந்து நின்று “ஏன் கொன்றீர்கள்?” என்று கேட்டால் ஸ்னேப் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லாமல் நகர்ந்தாலும், ஏன் சொல்லவில்லை என்பது எழுதுபவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் ரௌலிங் இன்னும் வெளியிடாத ரகசியம் ஒன்றைத் தானே முடிவுசெய்து, அதை மறைத்து, மறைப்பவரின் குரலிலேயே நாள்தோறும் பேச வேண்டும்.

இதைவிடக் கடினமான வாசிப்புப் பயிற்சியை நான் அறியேன். பிறர் எழுதிய கதைகளின் பாத்திரங்களை ஏற்று இணையத்தில் ஆடும் இந்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுபவர்களும், சொந்தமாக எழுத வராதவர்களின் புகலிடம் என்று சொல்பவர்களும் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. கவனித்தால் மதிப்பு கூடும். ஆனால் புதியவர்களை அது உள்ளே சேர்த்துக்கொள்ளும் விதத்தில் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. ஒருவர் தன் பாத்திரத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று வாசலில் சோதிக்கிறார்கள். எதிரே இருப்பவரோடு சேர்ந்து எழுத அவருக்கு வருமா என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆட்டம் உயிரோடிருப்பது இரண்டாவதால்தான். உள்ளே போன பிறகு வரும் கசப்புகளில் பெரும்பகுதி இங்கிருந்தே கிளம்புகிறது என்பது என் எண்ணம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். கணினி வழியே பலர் கூடி எழுத்தால் ஆடும் விளையாட்டுகளின் தொடக்கம் 1978. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ‘மட்’ அது. அங்கே ஆட்களைவிட உலகம் முக்கியம்; குகையும் புதையலும் முக்கியம். 1999இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கிய லைவ்ஜர்னல் வேறு ஒரு வாய்ப்பைத் தந்தது. அது நாட்குறிப்பு எழுதும் தளம். ஒரு பாத்திரத்தின் பெயரில் கணக்கு தொடங்கி, அந்தப் பாத்திரமாகவே குறிப்பு எழுதலாம். மற்றவர்கள் தங்கள் பாத்திரங்களாக வந்து கீழே பதில் எழுதலாம். ஒருவர் ஒரு பத்தி, அடுத்தவர் ஒரு பத்தி என்று ஒரு காட்சி வளரும். 2009இல், லைவ்ஜர்னலில் முன்பு பணியாற்றிய டெனிஸ் பாவ்லூச்சியும் மார்க் ஸ்மித்தும் அதே நிரலை அடிப்படையாக வைத்து ட்ரீம்வித் தளத்தைத் திறந்தபோது ஆட்டக்காரர்களில் பலர் மெல்ல அங்கே இடம்பெயர்ந்தார்கள்.

ஒரே கதையின் பாத்திரங்கள் மட்டும் வரும் ஆட்டங்கள் உண்டு. இன்னொரு வகையில் எந்தக் கதையிலிருந்தும் எவரும் வரலாம். அவரவர் உலகிலிருந்து பிடுங்கப்பட்டு, தெரியாத ஊர் ஒன்றில் வந்து விழுவார்கள். டக்ளஸ் ஆடம்ஸ் கற்பனை செய்த, பிரபஞ்சத்தின் முடிவில் இருக்கும் மில்லிவேஸ் என்னும் உணவகத்தை அரங்காகக் கொண்டு லைவ்ஜர்னலில் நெடுங்காலம் ஓடிய ஆட்டம் இந்த வகை. ஜப்பானிய காமிக்ஸின் வீரன் ஒருவன் ஜேன் ஆஸ்டினின் நாயகியோடு ஒரே மேசையில் அமர்ந்து பேச இங்கே தடையில்லை.

இரவல் பாத்திரம் என்பதில் இழிவு ஏதுமில்லை என்பதைத் தமிழ் வாசகருக்கு நிறுவ வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதியபோது அகலிகையும் ராமனும் சீதையும் அவர் படைத்தவர்கள் அல்லர். அந்தக் கதையின் வலிமை அதனால் குறையவுமில்லை. ஆனால் புதுமைப்பித்தன் கையில் எல்லோரும் இருந்தார்கள். சீதை என்ன சொல்வாள், அதைக் கேட்ட அகலிகைக்கு என்ன நேரும் என்பதை ஒரே மனம் தீர்மானித்தது. ரோல்பிளேயில் அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை. அகலிகை உங்களிடம் இருந்தால் சீதை வேறொருவரிடம் இருப்பாள், ராமன் மூன்றாமவரிடம். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் உச்சக்கட்டம் அடுத்தவரின் ஒரே பதிலில் திசை மாறிப் போகலாம். எழுத்தாளரின் தனிமையைக் கைவிட்டு எழுதுவது என்று இதைச் சொல்வேன். பாத்திரத்தை இரவல் வாங்குவதைவிட, பாத்திரத்தின் விதியைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் இங்கே புதியது.

சேர விரும்புபவர் விண்ணப்பம் எழுத வேண்டும். பல ஆட்டங்களில் மாதத்துக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் வாசல் திறக்கும். பாத்திரத்தைச் சில நாட்களுக்கு முன்பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் பாத்திரத்தின் வரலாறு, ஆளுமை, திறமைகள், கையோடு கொண்டுவரும் பொருட்கள் ஆகியவற்றோடு, பாத்திரத்தின் குரலில் ஒரு மாதிரியும் படர்க்கையில் ஒரு மாதிரியும் கேட்பார்கள். ஆட்டத்தை நடத்தும் மாடரேட்டர்கள் படித்து ஏற்பார்கள், திருத்தச் சொல்வார்கள், அல்லது மறுப்பார்கள். கூலியில்லாத வேலை ஒன்றுக்கு இத்தனை காகிதமா என்று தோன்றலாம். எனக்கு இந்த விண்ணப்பத்தின் மீது உண்மையான மரியாதை உண்டு. குறிப்பாக ஆளுமைப் பகுதியின் மீது.

ஷெர்லாக் ஹோம்ஸுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். வரலாறு எளிது, விக்கிப்பீடியாவின் சுட்டியே பல இடங்களில் போதும். ஆளுமைப் பகுதியில்தான் விண்ணப்பங்கள் சறுக்கும். ‘அபாரமான மூளை, உணர்ச்சியற்றவர், கர்வம் மிக்கவர்’ என்று எழுதினால் திரும்பி வரும். ஒவ்வொரு குணத்துக்கும் கதையிலிருந்து சான்று வேண்டும். சான்று தேடிப் போகும்போதுதான் திரைப்படமும் தொலைக்காட்சியும் நமக்குள் பதித்து வைத்த பிம்பம் கலையத் தொடங்கும். 1887இல் வந்த முதல் நாவலிலேயே, தன் துப்பறியும் கலையைப் பாராட்டினால் ஹோம்ஸ் முகம் சிவந்து மகிழ்வதை வாட்சன் கவனித்துவிடுகிறார். 1893இல் வந்த ‘மஞ்சள் முகம்’ கதையில் ஹோம்ஸின் ஊகம் அடியோடு பொய்த்துப்போகிறது. இனித் தனக்குத் தன்னம்பிக்கை மிஞ்சினால் அந்த வழக்கு நடந்த ஊரின் பெயரைக் காதில் சொல்லும்படி அவரே வாட்சனைக் கேட்டுக்கொள்கிறார். 1920களில் வந்த ‘மூன்று காரிடெப்கள்’ கதையில் வாட்சன் மீது குண்டு பட்டதும் அவர் பதறும் பதற்றம் பல ஆண்டு மௌனத்தை உடைத்துவிடுகிறது. இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்ப்பவருக்கு உணர்ச்சியற்ற மனிதர் கிடைக்கமாட்டார். பாராட்டுக்கு ஏங்குபவர், தோற்றதை மறக்காதவர், அன்பை ஒளித்து வைத்திருப்பவர் கிடைப்பார். பல்கலைக்கழகத்தில் பாத்திரத் திறனாய்வு என்று மாணவர்கள் எழுதுபவற்றில் இந்த அளவு சான்றுக் கண்டிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. இங்கே பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள் எவரும் மதிப்பெண் தராத இடத்தில் அதைச் செய்கிறார்கள்.

அதற்கடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது. மூலக்கதையின் எந்தத் தருணத்திலிருந்து பாத்திரத்தை எடுக்கிறீர்கள்? ஆட்டக்காரர்கள் இதைக் கேனன் பாயிண்ட் என்கிறார்கள். அந்தத் தருணத்துக்குப் பின் நடந்தது எதுவும் பாத்திரத்துக்குத் தெரியாது.

ஹோம்ஸை ரைகன்பாக் அருவியிலிருந்து எடுக்கலாம். கதைப்படி அது 1891 மே 4. எதிரி மொரியார்ட்டி பள்ளத்தில் விழுந்தாயிற்று. தானும் செத்ததாக உலகம் நம்பட்டும் என்று ஹோம்ஸ் அப்போதுதான் முடிவெடுத்திருக்கிறார். வாட்சனாக எழுதும் இன்னொருவர் தன் பாத்திரத்தை 1893இன் குளிர்காலத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாட்சன் நண்பரை இழந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகிறது. இருவரும் அந்நிய ஊர் ஒன்றின் தெருவில் எதிர்ப்படுகிறார்கள். கோனன் டாயில் 1903இல் எழுதிய ‘காலி வீடு’ கதையில் இந்தச் சந்திப்பு வெகு விரைவில் முடிந்துவிடும். கிழட்டுப் புத்தக வியாபாரி வேடத்தில் ஹோம்ஸ் வருகிறார், வேடத்தைக் களைகிறார், வாட்சன் மயங்கி விழுகிறார், எழுந்ததும் மகிழ்கிறார், அன்றிரவே இருவரும் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். கர்னல் மோரன் காத்திருக்கிறான், ஆசிரியருக்கு நேரமில்லை. ஆட்டத்தில் நேரம் இருக்கிறது. உயிரோடிருப்பதை அண்ணனிடம் மறைக்காமல் நண்பனிடம் மட்டும் ஏன் மறைத்தாய் என்று கேட்பதற்கான காரணம் மூலக்கதையில் இருக்கிறது. அண்ணன் மைக்ராஃப்டுக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. அந்தக் கேள்வியை வாட்சன் மூலக்கதையில் கேட்பதில்லை. இங்கே கேட்கலாம். ஆனால் எதிரே நிற்கும் ஹோம்ஸ் அந்தப் பிழையை இன்னும் செய்யவே இல்லை! ஒரு மணி நேரத்துக்கு முன் முடிவுதான் எடுத்திருக்கிறார். செய்யாத குற்றத்துக்கு, ஆனால் நிச்சயம் செய்யப்போகும் குற்றத்துக்கு, அவர் பதில் சொல்ல வேண்டும். வாட்சன் எளிதில் மன்னிக்க மறுத்தால் டாயிலின் வாட்சன் மன்னித்த வேகமும் கேள்விக்குள்ளாகிறது. எந்த ஆய்வுக் கட்டுரையும் இந்தக் கேள்வியை இவ்வளவு உடம்போடும் உயிரோடும் எழுப்பிவிட முடியாது.

காட்சி வளரும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பதிலோடும் நூறுக்கு நூறு பிக்சல் அளவில் சிறு படம் ஒன்று வரும். ஹோம்ஸாக எழுதுபவர், 1984 முதல் 1994 வரை கிரனடா தொலைக்காட்சிக்காக நடித்த ஜெரமி ப்ரெட்டின் முகத்தை எத்தனையோ கோணங்களில் வெட்டி வைத்திருப்பார். “வாட்சன், உட்காருங்கள்” என்ற ஒரே வரியைப் புருவம் உயர்ந்த படத்தோடு அனுப்பினால் ஒரு பொருள், ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தோடு அனுப்பினால் வேறு பொருள். எழுத்தில் சொல்லாததைப் படம் சொல்லும். சில சமயம் எழுத்துக்கு மாறாகவும் சொல்லும். எதிரே இருப்பவர் இரண்டையும் படித்துத்தான் பதில் எழுத வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்க எழுதுவதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை, நடிகர் முகபாவத்துக்குச் செலவிடும் உழைப்புதான் அது.

இந்த ஆட்டத்தின் அடிப்படைச் சட்டம் ஒன்று. அடுத்தவரின் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன உணர்கிறது என்பதை நீங்கள் எழுதக் கூடாது. ‘ஹோம்ஸ் கையை நீட்டினார்’ என்று எழுதலாம். ‘வாட்சன் அதைப் பற்றிக்கொண்டார்’ என்று எழுதக் கூடாது. மீறுவதைக் காட்மோடிங் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு நாகரிகம் போலத் தெரியும் இந்தச் சட்டத்தின் எடையை உணர, பழைய நிகழ்வு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1990இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்து உலகில், மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் வந்த ஒருவர் ‘சூனியப் பொம்மை’ நிரல் ஒன்றைப் பயன்படுத்தினார். மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களே பாலியல் இழிசெயல்களைச் செய்வதாகத் திரையில் வரிகள் வந்தன. உரியவர்களால் தடுக்க முடியவில்லை. ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. அங்கே நிகழ்ந்த தீங்கின் வடிவத்தைப் பாருங்கள்: ஒருவரின் பாத்திரத்தை இன்னொருவர் எழுதினார். காட்மோடிங் தடையும், எவ்வெவற்றுக்கு இணக்கம், எவை வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தன் பாத்திரக் கணக்கில் முன்கூட்டியே எழுதி வைக்கும் அனுமதிக் குறிப்பும் அந்த வடிவத்துக்கு நேரெதிரான ஏற்பாடுகள். பொது இணையத்தில் சம்மதம் குறித்த பேச்சு இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கூடிய இந்தச் சிறு குழுக்கள் ‘என் பாத்திரம் உன் பாத்திரத்தின் மனத்தைப் படிக்கலாமா, காயப்படுத்தலாமா, கொல்லலாமா’ என்பதைப் படிவமாகவே வைத்திருந்தன. இந்த மரபின் மிகப் பெரிய சாதனை என்று இதைத்தான் கருதுகிறேன்.

அப்படியிருக்க, வாசலில் எதைச் சோதிக்கிறார்கள்? விண்ணப்பத்தின் மாதிரிக் காட்சிகள் பெரும்பாலும் ஒருவரே எழுதுபவை. ஹோம்ஸ் தனியாக அறையில் உட்கார்ந்து வயலின் வாசித்தபடி சிந்திக்கிறார் என்று அருமையாக எழுதிவிடலாம். அதில் அடுத்தவர் இல்லை. மூலக்கதை அறிவையும் மொழிநடையையும் வைத்து ஏற்கப்பட்ட ஒருவர் உள்ளே வந்ததும், தன் ஹோம்ஸைக் காப்பாற்றும் காவலராக மாறிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘ஹோம்ஸ் இப்படிப்பட்டவர்’ என்று இரண்டாயிரம் சொற்களில் வாதிட்டு வென்றவர், ஆட்டத்தில் ஹோம்ஸ் மாறுவதை எளிதில் அனுமதிப்பதில்லை. எதிரே வருபவர் புதிதாக ஒன்றைச் செய்தால் ‘அவர் இப்படிச் செய்யமாட்டார்’ என்ற மறுப்பு எழுகிறது. பாத்திரத்துக்கு உண்மையாக இருப்பது என்ற நல்ல நோக்கமே காட்சியை உறையவைக்கிறது.

வந்தியத்தேவனை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். எந்தக் கதையும் செல்லும் என்று சொல்லும் ஆட்டத்தில் பொன்னியின் செல்வனும் செல்லும். ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்துகிடக்கும் இரவிலிருந்து வந்தியத்தேவனை எடுக்கிறார் ஒரு தமிழ் இளைஞர். கொன்றது யார் என்பதைக் கல்கி பிடிகொடுக்காமல் விட்டிருக்கிறார். பழி வந்தியத்தேவன் தலையில் விழப்போகிறது. இருட்டில் அவன் எதைக் கண்டான், எதைக் கண்டதாக நினைக்கிறான் என்பதை எழுதுபவர் தீர்மானிக்க வேண்டும். ஸ்னேப் எழுதியவர்கள் பட்ட அதே பாடு. விண்ணப்பத்தைப் படிக்கும் மாடரேட்டர் கல்கியின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். அவரால் மூலத்தோடு ஒப்பிட்டுத் தவறு காண முடியாது. எழுதப்பட்ட மனிதன் தன்னளவில் நம்பும்படி இருக்கிறானா, அவனோடு பேசத் தோன்றுகிறதா என்பதை மட்டுமே பார்க்க முடியும். உள்ளே வந்த பிறகும் அப்படித்தான். எதிரே இருப்பவர்களுக்கு அவன் யாரோ ஒரு குதிரை வீரன். வாய்த்துடுக்கு மிக்கவன், எதையோ மறைக்கிறவன். தமிழ் வாசகரின் நினைவில் ஐந்து பாகங்களாகச் சேர்ந்திருக்கும் பிரியம் அங்கே அவனுக்கு உதவாது. ஒவ்வொரு காட்சியிலும் அதை அவன் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். இந்த நிலை ஹோம்ஸுக்கும் ஸ்னேப்புக்கும் கிடைப்பது அரிது. பிரபலமான பாத்திரத்துக்குக் கதவு எளிதாகத் திறக்கிறது, ஆனால் அதை எல்லோரும் தங்கள் மனத்திலுள்ள அசலோடு உரசிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

உடைமை உணர்வு இன்னொரு சிக்கல். ஓர் ஆட்டத்தில் ஒரு பாத்திரத்துக்கு ஓர் ஆள்தான் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. இரண்டு ஹோம்ஸ்கள் ஒரே தெருவில் நடமாடினால் கதை குழம்பும் என்பது புரிகிறது. ஆனால் விளைவு என்னவென்றால், முதலில் வந்தவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பார். அதே பாத்திரத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் வெளியே நிற்பார். அவரை உள்ளே விட ஒரே வழி முதலாமவர் வெளியேறுவது. அதற்காகவே என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றாலும், மாதாந்திர ஆக்டிவிட்டி செக் அந்த வேலையையும் செய்கிறது. அந்த மாதம் எழுதிய பதில்களின் சுட்டிகளைக் கணக்காகச் சமர்ப்பிக்க வேண்டும். குறைந்தால் எச்சரிக்கை, பிறகு நீக்கம். வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரரைப் போலப் பாத்திரம் காலிசெய்யப்பட்டு அடுத்தவருக்கு விடப்படும். இதற்கும் நியாயம் இருக்கிறது. பதில் வராத காட்சி எதிரே இருப்பவரையும் முடக்கிவிடும். ஆனால் கணக்குக்காக எழுதுபவர் நீளமான, கனமான காட்சியைத் தவிர்த்துச் சின்னச் சின்ன உரையாடல்களைப் பெருக்குகிறார். தேர்வெழுதும் மாணவர், இரவுப் பணிக்குப் போகும் செவிலியர், கைக்குழந்தையோடு இருப்பவர் முதலில் விழுகிறார்கள். நேரமண்டலமும் சேர்ந்துகொள்கிறது. நியூயார்க்கில் கோடைகால மாலை 7 மணி என்றால் சென்னையில் மறுநாள் அதிகாலை 4.30. அமெரிக்காவின் மாலையில் பரபரப்பாக ஓடும் காட்சிகள் நம் பக்கத்து ஆட்டக்காரர் எழுந்து பார்க்கும்போது முடிந்துபோயிருக்கும். எண்ணிக்கையைப் பார்க்கும் விதிக்கு இதெல்லாம் தெரியாது.

பாத்திரத்தின் உணர்ச்சி எழுதுபவருக்குள் கசிவதும் உண்டு. மாதக்கணக்கில் இரு பாத்திரங்களின் காதலை இருவர் எழுதும்போது, ஒருவர் இன்னொருவருடன் காட்சி எழுதத் தொடங்கினால் மற்றவருக்கு வலிக்கிறது. வலிப்பது பாத்திரத்துக்கா தனக்கா என்று அவருக்கே தெரிவதில்லை. இதை ஆட்டத்தின் நோய் என்று நான் சொல்லமாட்டேன். நாவல் படித்து அழுபவரை நாம் நோயாளி என்பதில்லை. ஆனால் நாவல் படிப்பவருக்கு எதிரே உயிருள்ள இன்னொருவர் இல்லை. வயது வேறுபாடு இதில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. திரைக்குப் பின்னால் பதினைந்து வயதுச் சிறுமி இருப்பது தெரியாமலேயே பெரியவர் ஒருவர் காதல் காட்சி எழுதிவிட முடியும். பதினெட்டு நிறையாதவர்களுக்கு அனுமதியில்லை என்று பல ஆட்டங்கள் விதித்ததன் காரணம் அதுதான். விதி இருக்கிறது, சரிபார்க்கும் வழி அநேகமாக இல்லை. இந்த இடத்தில் ஆட்டத்தை நேசிப்பவர்களும் விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது.

ஆசிரியர்களின் உரிமை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் பணம் ஈட்டாத, நகல் எடுக்காத இந்த ஆட்டத்தை எழுத்தாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். பெர்ன் நாவல்களை எழுதிய அன் மக்காஃப்ரி நெடுங்காலம் நடுவழியில் நின்றார். தன் உலகில் விளையாடலாம், தன் பாத்திரங்களைத் தொடக் கூடாது என்றார். அதனால் பெர்ன் ஆட்டங்களில் எல்லோரும் சொந்தப் பாத்திரங்களோடு வந்தார்கள். அவையும் செழித்தன, ஆனால் ஸ்னேப்பின் மௌனத்தோடு மல்லுக்கட்டும் அந்த வாசிப்பு அங்கே நிகழ வழியில்லை. ஹோம்ஸைப் பொறுத்தவரை அமெரிக்காவில் 2023 தொடங்கியதும் கடைசிக் கதைகளின் காப்புரிமையும் முடிந்துவிட்டது.

எழுத்துக்கு நிலமில்லாதது எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுகிறது. 2007 மே மாத இறுதியில் லைவ்ஜர்னல் நிறுவனம், கணக்குகளில் பட்டியலிட்ட ஆர்வச் சொற்களை வைத்து நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. நபக்கோவின் லோலிதா நாவலைப் பேசிய வாசகர் குழுவும் அதில் சிக்கியது. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டுப் பலவற்றைத் திருப்பித் தந்தது. அந்த ஆண்டே தளம் ரஷ்ய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. பத்தாண்டுகள் கழித்துப் பயன்பாட்டு விதிகளும் ரஷ்யச் சட்டத்துக்குள் வந்தன. ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இடம்பெயராதவரும் உண்டு, பாதியில் நின்ற காட்சிகளும் உண்டு. பொதுவாகவே ரோல்பிளேயில் முடிந்த காட்சிகளைவிட முடியாதவை அதிகம். புத்தகம் மூடும் நிறைவு இங்கே கிடைக்காது. எழுதியவர்கள் அளவுக்கே படித்தவர்களும் இருப்பார்கள். அதனால் இதை இலக்கியம் என்று அழைக்க நான் தயங்குகிறேன். ஆனால் இலக்கியத்தைப் படிக்கும் முறைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

வாசலைச் சீர்திருத்த முயன்றவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை அறவே எடுத்துவிட்ட ஆட்டங்கள் உண்டு. பெரும்பாலான ஆட்டங்கள் புதியவர்களும் பழையவர்களும் சேர்ந்து எழுதிப் பார்க்க டெஸ்ட் டிரைவ் என்றொரு பகுதியைத் திறந்து வைக்கின்றன. சில இடங்களில் அங்கே எழுதியதையே மாதிரியாக விண்ணப்பத்தில் தரலாம். விண்ணப்பமே இல்லாத இடங்களில் கூட்டம் சேர்கிறது, விரைவில் கலைகிறது. ஆளுமைப் பகுதியை எழுதும்போது கிடைக்கும் கூர்மை அங்கே பலருக்கு வாய்ப்பதில்லை. பாத்திரங்கள் இரண்டு வாரத்தில் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றன. எனவே விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதை எழுதட்டும். தீர்ப்பு மட்டும் அதை வைத்து வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவரோடு டெஸ்ட் டிரைவில் எழுதிய ஒரு காட்சியை வைத்து முடிவுசெய்யலாம்.

அங்கே எதைப் பார்ப்பது என்பதற்கும் ஹோம்ஸே நல்ல உரைகல். முதல் சந்திப்பிலேயே வாட்சன் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவதை எல்லோரும் அறிவோம். கறுத்த முகம், கறுக்காத மணிக்கட்டு, விறைப்பாக வைத்திருக்கும் இடக்கை என்று அடுக்குவார். டாயிலால் அது முடிந்தது, ஏனென்றால் வாட்சனும் அவருடையவர். ஆட்டத்தில் ஹோம்ஸின் இந்தப் புகழ்பெற்ற வித்தையே காட்மோடிங் ஆகிவிடும். அடுத்தவரின் பாத்திரத்துக்கு அவர் கேட்காத கடந்தகாலம் ஒன்றை எழுதுவதாகிவிடும். அனுமதி கேட்காமல் ஐந்து ஊகங்களை அடுக்கும் ஹோம்ஸ் எவ்வளவு அச்சு அசலாக ஒலித்தாலும் அவரோடு நெடுநாள் எழுத முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் தனியாகக் கேட்பார்: “உங்கள் ஆளின் கையைப் பார்த்து என் ஆள் எதைக் கண்டுபிடிக்கலாம்?” அல்லது காட்சிக்குள்ளேயே, ஹோம்ஸின் பார்வை எதிராளியின் மணிக்கட்டில் ஒரு கணம் நின்றது என்று மட்டும் எழுதி நிறுத்துவார். அங்கே தழும்பு இருக்கிறதா, கடிகாரம் இருந்த தடம் இருக்கிறதா, பார்வையை உணர்ந்து சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறாரா என்பதை அந்தக் கைக்கு உரியவர் அடுத்த பதிலில் எழுதுவார். மாடரேட்டர் அந்த இரண்டு பதில்களையும் படித்துவிட்டு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம்.